கொழுப்பு மதுசாரமும் குளத்து நீரும்

சிறுபோகத்தின் நடுப்பகுதியிற் குளத்து நீர்மட்டம் நாளுக்கு நாள் தாழ்ந்து செல்வதைக் காணாத கமக்காரர் இலர். துருசு பூட்டியிருக்கும் நாள்களிலும் நீர் குறைகின்றது. வயலுக்குப் பாயாத அந்நீரின் ஒரு பகுதி நிலத்தினுள் ஊறிச் செல்கின்றது. மற்றொரு பகுதி வெயிலாலும் காற்றாலும் ஆவியாகி வானிற் கலக்கின்றது. கதிர் பால்பிடிக்கும் வேளையில் ஒரு நீர்ப்பாய்ச்சல் தவறினால் போகம் முழுவதும் பாழாகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகையால், ஆவியாகிப் போகும் நீரைத் தடுக்க வழியுண்டா என்னும் வினா எம்மெல்லோருக்கும் உரியது.

வெண்ணிறமான ஒருவகை மெழுகைச் சிறிதளவு நீரின்மேற் பரப்பினால் ஆவியாதல் குறையும் என்பது ஆராய்ச்சியாற் கண்டறியப்பட்ட உண்மை. அம்மெழுகு கொழுப்பு மதுசாரம் என்னும் இனத்தைச் சேர்ந்தது. அது யாது, எவ்வாறு வேலை செய்கின்றது, எமது குளங்களுக்கு எவ்வளவு தூரம் உதவும், அவ்வினப் பொருள்களாற் கமத்தொழிலுக்கு வேறு என்ன பயன் உண்டு என்பவற்றை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

ஆவியாகிப் போகும் நீர் எவ்வளவு?

ஒரு குளத்தின் நீர்மட்டம் ஆவியாதலால் மட்டும் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் தாழ்கின்றது எனக் கொள்வோம். இது ஒரு நெல்மணியின் நீளத்திலும் குறைவு. ஆயினும் ஓர் ஏக்கர் நீர்ப்பரப்பிலிருந்து 5 மில்லிமீற்றர் போவதாயின் ஏறக்குறைய 20,000 லீற்றர் நீர் ஒரே நாளில் மறைந்துவிடுகின்றது. 100 நாள்களில் அரை மீற்றர் ஆழமான நீர் போய்விடும். சராசரி ஒரு மீற்றர் ஆழமுள்ள குளமாயின் அதன் பாதி நீர், ஒரு வரம்பையேனும் நனையாமலே அழிந்துவிடுகின்றது.

கொழுப்பு மதுசாரம் என்பது யாது?

மதுசாரம் என்றவுடன் சாராயம் நினைவுக்கு வரும். சாராயத்திலுள்ள மதுசாரத்தில் 2 காபன் அணுக்களே உள்ளன. அது நீருடன் எளிதிற் கலக்கும், மயக்கந் தரும். கொழுப்பு மதுசாரமோ நீண்ட காபன் சங்கிலியை உடையது. எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் உள்ள அமிலங்களிலிருந்து செய்யப்படுவதாற் கொழுப்பு மதுசாரம் எனப் பெயர் பெற்றது. இது வெறியூட்டுவதன்று, குடிப்பதற்குரியதுமன்று. இரண்டிற்கும் பெயரளவிலும் அமைப்பின் ஒரு நுனியளவிலுமே உறவு உண்டு.

இவ்வினத்துட் சில வருமாறு:

லோரைல் மதுசாரம்: 12 காபன் அணுக்களை உடையது. தேங்காயெண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய அரைப்பங்கு லோரிக்கமிலமாகும். அதிலிருந்து இது பெறப்படும்.

செற்றைல் மதுசாரம்: 16 காபன் அணுக்களை உடையது. வெண்மையான மெழுகுச் செதிள்களாகக் கிடைக்கும். ஏறக்குறைய 49 பாகை செல்சியசில் உருகும். நீரிலும் பாரங் குறைந்தது, நீரிற் கரையாது.

தியரைல் மதுசாரம்: 18 காபன் அணுக்களை உடையது. ஏறக்குறைய 59 பாகையில் உருகும். தன்மையிற் செற்றைல் மதுசாரத்தை ஒத்தது.

செற்றைல் மதுசாரத்தை முதன்முதல் 1817 ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டு இரசாயன அறிஞர் செவ்ரோல் என்பார், திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுக்கப்படும் மெழுகைக் காரத்துடன் சூடாக்கிப் பெற்றார். அதன் பெயரும் திமிங்கிலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. இக்காலத்தில் இது பெரும்பாலும் செம்பனை எண்ணெயிலிருந்தும் பெற்றோலிய மூலப்பொருள்களிலிருந்தும் செய்யப்படுகின்றது. முகத்திற்கும் கைக்கும் பூசும் களிம்புகளிலும், தோல் மருந்துகளிலும் இதைச் சேர்ப்பர்.

ஒரு மூலக்கூற்றுப் படை

இப்பொருளின் சிறப்பு அதன் மூலக்கூற்றின் அமைப்பிலுள்ளது. ஒவ்வொரு மூலக்கூற்றுக்கும் ஒரு தலையும் நீண்ட வாலும் உள்ளன எனலாம். தலையில் ஒட்சிசனும் ஐதரசனும் இணைந்துள்ளன. அது நீரை விரும்பும். காபன் சங்கிலியாலான வால் நீரை வெறுக்கும். ஆகையால் இம்மெழுகு நீர்ப்பரப்பைத் தொட்டவுடன், அதன் மூலக்கூறுகள் தலையை நீரில் ஊன்றி, வாலை மேலே நீட்டி, நெருங்கிய நாற்றுகளைப் போல நிமிர்ந்து நிற்கின்றன. இவ்வாறு பரவும் படையின் தடிப்பு ஒரு மூலக்கூற்றின் உயரமே. ஒரு மில்லிமீற்றரை 5 இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவே இப்படையின் தடிப்பு. கண்ணுக்கு அது தோன்றாது. ஆயினும் காற்று மெல்ல வீசும்போது படையுள்ள இடத்திற் சிற்றலைகள் அடங்கி நீர் பளபளப்பாகத் தெரியும்.

நீரின் மூலக்கூறுகள் ஆவியாக வெளியேற வேண்டுமாயின், நெருங்கி நிற்கும் இச்சங்கிலிகளுக்கிடையே வழிதேடிச் செல்லல் வேண்டும். ஆகையால் ஆவியாதல் தடைப்படுகின்றது. ஆயின் ஒட்சிசன் இப்படையினூடு பெரும் தடையின்றி உட்செல்லும். அதனால் மீன்களுக்கு மூச்சுத் திணறல் ஏற்படுவதில்லை. எனினும் நீரின் மேற்பரப்பில் வாழும் சிறு பூச்சிகளுக்கும், மேற்பரப்பில் மூச்செடுக்கும் நுளம்புக் குடம்பிகளுக்கும் இத்தகைய படைகள் இடையூறு செய்யலாம்.

ஒரு மூலக்கூறு பிடிக்கும் இடம் மிகச் சிறியது. கணக்கிட்டுப் பார்க்கின், ஓர் ஏக்கர் நீரை ஒருமுறை மூடுவதற்கு ஏறக்குறைய 8 கிராம் மெழுகே போதுமானது. 100 ஏக்கர்க் குளத்திற்கு ஒரு கிலோகிராமிலுங் குறைவே.

வீட்டிற் செய்யத்தக்க சோதனை

படை எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை உங்கள் வீட்டிலேயே காணலாம். அகன்ற பாத்திரம் ஒன்றை நன்றாகக் கழுவி, எண்ணெய்ப்பசை சிறிதுமின்றித் தூய நீரால் நிரப்புக. அதன்மேல் மஞ்சட்பொடியை மெல்லியதாகத் தூவுக. ஓர் ஈர்க்கின் நுனியிற் சவர்க்காரத்தைத் தொட்டு, நீரின் நடுவே மெல்ல வைக்குக. மஞ்சட்பொடி கணப்பொழுதிற் கரைக்கு ஓடுவதைக் காண்பீர்கள். சவர்க்காரத்தின் மூலக்கூறுகளும் தலையும் வாலும் உடையவை. அவை பரவிப் பொடியைத் தள்ளுகின்றன. செற்றைல் மதுசாரமும் அவ்வாறே நீர்ப்பரப்பிற் பரவும். ஆயின் சவர்க்காரத்தைப் போல நீரிற் கரைந்து போகாது.

வேறு எண்ணெய்கள் உதவாமை ஏன்?

தேங்காயெண்ணெயையோ மண்ணெண்ணெயையோ ஊற்றினால் என்ன என்று சிலர் வினவலாம். எண்ணெய்ப் படையில் மூலக்கூறுகள் நிமிர்ந்து நெருங்கி நிற்பதில்லை, தளர்ந்து கிடக்கும். தளர்ந்த படையினூடு நீராவி எளிதில் வெளியேறும். குறுகிய சங்கிலியுடைய லோரைல் மதுசாரமும் இக்காரணத்தால் உதவுவதில்லை. கொழுப்பமிலங்கள் சில நெருங்கி நிற்பினும், கல்சியம் நிறைந்த நீருடன் சேர்ந்து வேறு பொருளாக மாறிவிடும். செற்றைல், தியரைல் மதுசாரங்களுக்கு அக்குறை இல்லை.

மண்ணெண்ணெயும் கழிவு எண்ணெயும் ஆவியாதலைத் தடுக்கும் என நம்பி அவற்றைக் குளத்திலோ கிணற்றிலோ ஊற்றுதல் பெருந்தீங்கு. மீன்கள் இறக்கும், கால்நடைகள் குடிக்க மாட்டா, குடிநீர் கெடும், பயிரும் கருகும்.

பெரும் நீர்நிலைகளிற் செய்யப்பட்ட சோதனைகள்

நீரின்மேல் எண்ணெய் பரவுதலை ஆராய்ந்தோருள் முற்பட்டவர் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின். இலண்டனிலுள்ள கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய அரை ஏக்கருக்குப் பரவி அலையை அடக்கியதை அவர் 1774 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். 1917 இல் லாங்மியுர் என்னும் அறிஞர் இப்படைகளில் மூலக்கூறுகள் எவ்வாறு நிற்கின்றன என விளக்கினார். இத்தகைய படை ஆவியாதலைக் குறைக்கும் என்பதை 1925 இல் இங்கிலாந்தில் றிடீல் என்பவர் சோதனையாற் காட்டினார்.

ஆய்வுகூடத்தில் நல்ல பலன் கிடைத்தமையால், 1950 ஆம் ஆண்டுகளில் அவுஸ்திரேலியாவில் மான்சுபீல்டு என்பார் திறந்த நீர்நிலைகளிற் செற்றைல் மதுசாரத்தைப் பயன்படுத்தலானார். 1958 இல் அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்திலுள்ள எவ்னர் ஏரியிற் பெரிய சோதனை ஒன்று நடைபெற்றது. ஆய்வுகூடத்தில் ஆவியாதல் பாதியளவு குறைந்திருக்க, அந்த ஏரியிலோ நூற்றுக்கு 9 அளவே மிச்சமாயிற்று. 2000 ஆம் ஆண்டுகளில் அவுஸ்திரேலியாவிற் கடும் வரட்சி நிலவியபோது இவ்வகைப் பொருள்கள் மீண்டும் சோதிக்கப்பட்டன. அப்பொழுதும் பலன் இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபட்டது.

ஏன் இவ்வேறுபாடு? காரணங்கள் மூன்று.

முதலாவது காற்று. மெல்லிய படையைக் காற்று ஒரு கரைக்கு ஒதுக்கிவிடும். மணிக்கு ஏறக்குறைய 25 கிலோமீற்றருக்கு மேற்பட்ட காற்றிற் படை உடைந்துவிடும்.

இரண்டாவது நுண்ணுயிர்கள். நீரிலுள்ள நுண்ணுயிர்கள் இம்மெழுகை உணவாகக் கொள்ளும். ஆகையால் நாள்தோறும் புதிதாக இடல் வேண்டும். 8 கிராம் என்னும் கணக்கு ஒருமுறை மூடுவதற்கே. நடைமுறையில் அதன் பன்மடங்கு செலவாகும்.

மூன்றாவது வெப்பம். ஆவியாகும்போது நீர் குளிர்கின்றது. ஆவியாதலைத் தடுத்தால் நீர் சூடேறும். சூடேறிய நீரின்மேற் படை உடையின் ஆவியாதல் முன்னையிலும் விரைவாக நடைபெறும். சேமித்ததில் ஒரு பகுதி திரும்பப் போய்விடும்.

நீர் சூடேறும் இத்தன்மையையே யப்பானிற் பயனாக மாற்றினர். அங்கு குளிர்ந்த பிரதேசங்களில் வயல்நீர் குளிர்ந்திருப்பதால் நெற்பயிர் வளர்ச்சி குன்றும். ஆகையால் கொழுப்பு மதுசாரத்திலிருந்து செய்த பொருளை வயல்நீரிற் பரப்பி நீரைச் சற்று வெப்பமாக்கினர். எமது வயல்களுக்கு அந்த வெப்பம் வேண்டியதில்லை. மேலும் பயிர் மூடியபின் வயல்நீரிற் பெரும்பகுதி இலைகளின் வழியாகவே வெளியேறும். நீர்மேற் பரப்பும் படை இலைவழிச் செல்லும் நீரைத் தடுக்காது. ஆகையால் நெல்வயலில் இதனை இடுதல் வீண்செலவு.

எமது குளங்களுக்கு ஏற்றதா?

வரண்ட வலயத்தில் நீர் மிகத் தேவைப்படும் காலம் வைகாசி முதல் புரட்டாதி வரை. சோளகக் காற்று உரமாக வீசுவதும் அக்காலத்திலேயே. மன்னார்க் கட்டுக்கரைக் குளம் போலப் பரந்தும் ஆழங்குறைந்தும் உள்ள குளங்களிற் காற்றைத் தடுப்பார் இல்லை. காலையில் இட்ட படை மாலைக்குள் ஒரு கரையில் ஒதுங்கிவிடும். ஆகையால், ஆவியாதல் மிகுந்த நாள்களிலேயே இம்மெழுகு மிகக் குறைந்த பலனைத் தரும். மரங்களாற் சூழப்பட்ட சிறு நீர்த்தேக்கங்களில், காற்றடங்கிய நாள்களில், இது ஓரளவு உதவலாம்.

கிணறுகளுக்கு இது தேவையில்லை. கிணற்றின் நீர்ப்பரப்புச் சிறியது, நிழலிலும் உள்ளது. அங்கு ஆவியாதலாற் போகும் நீர் மிகக் குறைவு.

குளம் பலருக்குப் பொதுவானது. எவரேனும் ஒரு பொருளைக் கொண்டுவந்து குளத்தில் இட்டால் நீர் பெருகும் எனக் கூறினால் அதனை ஏற்க வேண்டாம். கமக்கார அமைப்பின் தீர்மானமும், சிறு குளமாயிற் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் ஆலோசனையும், பெருங் குளமாயின் அதற்குப் பொறுப்பான நீர்ப்பாசன அதிகாரிகளின் அனுமதியுமின்றி எப்பொருளையும் குளத்திற் சேர்த்தலாகாது.

முதலில் இழப்பை அளந்தறிக

குளத்து நீர் ஆவியாகிப் போகின்றதா, ஊறிப் போகின்றதா என்பதை அறியாமல் மருந்து தேடுதல் நோயறியாது வைத்தியம் செய்தல் போலாகும். மழையற்ற 10 நாள்களில், துருசு பூட்டியிருக்கும்போது, பின்வருமாறு செய்க.

1. நீரினுள் ஒரு முளைக்கம்பை உறுதியாக நாட்டி, நீர்மட்டத்தை அடையாளமிடுக.

2. நேரான பக்கங்களையுடைய அகன்ற தொட்டி ஒன்றைக் குளக்கரைக்கு அண்மையில் வெயில் படும் திறந்த இடத்தில் வைத்து, விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை நீர் நிரப்புக. மாடும் பறவையும் குடியாதபடி கம்பிவலையால் மூடுக.

3. ஒவ்வொரு நாளும் காலையில் ஒரே நேரத்தில் இரண்டிலும் நீர் எவ்வளவு தாழ்ந்தது என அளந்து எழுதுக. தொட்டியில் நீர் மிகத் தாழ்ந்தால் மீண்டும் நிரப்பி, புதிய மட்டத்திலிருந்து அளக்குக.

4. சிறு தொட்டி நீர் குளத்து நீரிலும் விரைவாக ஆவியாகும். ஆகையாற் தொட்டியின் இழப்பிற் பத்தில் ஏழு பங்கைக் குளத்தின் ஆவியிழப்பாகக் கொள்க.

எடுத்துக்காட்டாக, 10 நாள்களிற் தொட்டியில் 70 மில்லிமீற்றர் குறைந்தால் குளத்தின் ஆவியிழப்பு ஏறக்குறைய 50 மில்லிமீற்றர். குளம் 80 மில்லிமீற்றர் தாழ்ந்திருப்பின் மீதி 30 மில்லிமீற்றரும் அணைக்கட்டின் வழியாகவோ துருசின் கசிவாலோ அடிநிலத்திலோ போயிருத்தல் வேண்டும். மெழுகு இட்டு ஆவியிழப்பில் நூற்றுக்கு 10 மிச்சமாக்கினாற் கிடைப்பது 5 மில்லிமீற்றரே. பழுதடைந்த துருசையும் அணைக்கட்டின் ஓட்டையையும் அடைத்தால் அதனிலும் பலமடங்கு நீர் மிஞ்சக்கூடும். அச்செலவு ஒருமுறையே, மெழுகுச் செலவோ நாள்தோறும்.

ஆவியாதலைக் குறைக்கும் வேறு வழிகள்

ஆவியாதல் நீரின் அளவைப் பொறுத்ததன்று. நீர்ப்பரப்பின் அகலத்தைப் பொறுத்தது. ஓர் ஏக்கரில் ஒரு மீற்றர் ஆழமாக நிற்கும் நீரும், அரை ஏக்கரில் இரண்டு மீற்றர் ஆழமாக நிற்கும் நீரும் அளவில் ஒன்றே. மேற்கூறிய கணக்கின்படி 100 நாள்களில் முதலாவது தன் பாதியை இழக்கும். இரண்டாவது காற்பங்கையே இழக்கும். ஆகையால் வண்டலை அகற்றி ஆழப்படுத்துதல் மேலானது. எனினும் எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்பதை அதிகாரிகளின் ஆலோசனைப்படியே தீர்மானித்தல் வேண்டும். அடியிலுள்ள களிமண் படையை வெட்டிவிட்டால் நீர் ஊறிப் போய்விடும்.

ஒரே ஊரில் இரு குளங்கள் இருப்பின், ஆழங்குறைந்த குளத்து நீரை முதலிற் பாய்ச்சுக. ஆழமான குளத்து நீரைப் பின்னுக்கு வைத்திருக்க.

குளத்தின் மேற்பகுதியில் அலைகரையை அடுத்து நிற்கும் மருது முதலிய மரங்களை வெட்டாது காக்குக. அவை காற்றைத் தணிக்கும், வண்டலையும் மறிக்கும். ஆயின் அணைக்கட்டின்மேல் மரம் வளர விடலாகாது. வேர் இறந்தபின் அவ்வழியே நீர் கசியும்.

ஆகாயத்தாமரை நீரை மூடுவதால் ஆவியாதல் குறையும் எனச் சிலர் கருதுகின்றனர். அதன் இலைகள் நீரை உறிஞ்சி வெளிவிடுவதால் இழப்புக் கூடுமேயன்றிக் குறையாது. அதனை அகற்றுதல் வேண்டும்.

மிளகாய், கத்தரி, வெண்காயம் முதலியவற்றின் பாத்திகளில் வைக்கோலையோ கிளிறிசீடியா இலையையோ மூடாக்காக இடுக. மாலையிலோ அதிகாலையிலோ நீர் பாய்ச்சுக.

கமத்தில் இவ்வினப் பொருள்களின் பிற பயன்கள்

குளத்தின்மேல் இடாவிடினும், கொழுப்பு மதுசாரத்தின் உறவுப் பொருள்களை நீங்கள் பல வழிகளிற் பயன்படுத்துகின்றீர்கள்.

வெண்காயத் தாள், கோவா இலை, நெல்லின் இலை ஆகியவற்றின்மேல் மெழுகுத்தன்மை உண்டு. அதனால் மருந்துத்துளி உருண்டு நிலத்தில் விழும். கொழுப்பு மதுசாரத்திலிருந்து செய்யப்படும் பரப்பு திரவங்களைச் சேர்த்தாற் துளி தட்டையாகி இலையில் ஒட்டும். சிட்டையிற் கூறிய அளவுக்கு மேற் சேர்த்தால் மருந்து வழிந்தோடும், இலையும் கருகலாம். பரப்பு திரவத்துக்குப் பதிலாகச் சலவைத்தூளைச் சேர்த்தல் நன்றன்று. அதிலுள்ள காரம் சில பூச்சிமருந்துகளின் வலிமையைக் கெடுத்துவிடும்.

புகையிலையில் நுனி கிள்ளியபின் தோன்றும் பக்கத்தளிர்களை அழிப்பதற்கு 8 அல்லது 10 காபன் அணுக்களையுடைய மதுசாரங்கள் சில நாடுகளிற் பயன்படுகின்றன. கலவை தண்டின் வழியே வடிந்து இளந்தளிரைக் கருகச் செய்யும். இது கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கானது. கலவை கடுமையானால் இலையும் கெடும். இத்தகைய பொருள்களைப் பீடைகொல்லிப் பதிவு பெற்றனவாயின் மட்டுமே வாங்குக.

30 காபன் அணுக்களையுடைய திரைக்கொண்டனோல் என்பது தேன்மெழுகிலும் தாவர மெழுகுகளிலும் உள்ளது. குதிரைமசால் என்னும் தீவனப்பயிரில் இருந்த இப்பொருள் பயிர் வளர்ச்சியைத் தூண்டுவதாக 1977 இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றைசு என்பாரும் அவருடன் ஆராய்ந்தோரும் அறிவித்தனர். அதன்பின் பல பயிர்களுக்கு இது தெளிக்கப்பட்டு வருகின்றது. சில சோதனைகளில் விளைவு கூடியது. வேறு சிலவற்றில் மாற்றம் காணப்படவில்லை. ஆகையால் இதனைப் பசளைக்கு ஈடாகக் கொள்ளற்க. வாங்க விரும்புவோர் முதலில் ஒரு பாத்திக்குத் தெளித்து, அடுத்த பாத்திக்குத் தெளியாது விட்டு, இரண்டின் விளைவையும் நிறுத்துப் பார்த்தபின் முடிவு செய்க.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. செற்றைல், தியரைல் மதுசாரங்கள் நீர்மேல் ஒரு மூலக்கூற்றுப் படையாகப் பரவி ஆவியாதலைக் குறைக்கும்.

2. காற்று உரமாக வீசும் இடத்தில் இப்படை நிலையாது. எமது கோடைக்காலக் குளங்களில் இதனை நம்பிப் போகம் விதைத்தலாகாது.

3. மண்ணெண்ணெய், கழிவு எண்ணெய் என்பவற்றை நீரில் ஊற்றற்க.

4. ஆவியிழப்பையும் கசிவிழப்பையும் அளந்து, கசிவை முதலில் நிறுத்துக.

5. ஆழமான நீர், காக்கப்பட்ட அலைகரை மரங்கள், மூடாக்கு இட்ட பாத்தி ஆகிய மூன்றும் மெழுகிலும் மேலான காப்பு.

அடுத்த விதைப்புக் கூட்டத்திற்கு வருமுன் உங்கள் குளத்தின் 10 நாள் அளவைக் குறித்துக்கொண்டு வருக. எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதை அக்கணக்கைக் கொண்டு நீங்களே தீர்மானிக்க இயலும். அளக்கும் முறையில் ஐயம் உண்டாயின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு கேட்டறிக.